பேர் தின்னும் வாளை

பாவடி வீதியில் யாராவது செத்துப்போனால் துக்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்றல்ல, தண்ணிக்குச் சொல்லியாச்சா என்றுதான். அதைக் கேட்கத் தெரியாதவன் நாலு இடத்தில் பழகாத ஜென்மம் என்று பேராகிவிடும். சிந்தாமணியின் மகள் ஆடிப்பெருக்கன்று ஆற்றோடு போனபோதும் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வந்தவர்களெல்லாம் அதைத்தான் கேட்டார்கள், அவளோ தலைவிரி கோலமாகச் சுவரில் முட்டிக்கொண்டு, "சொல்ல மாட்டேன், சாகற மட்டும் சொல்ல மாட்டேன்" என்று கத்தினாள். அவள் ஏன் அப்படிக் கத்தினாள் என்பது விளங்க வேண்டுமென்றால் இந்தத் தண்ணிக்குச் சொல்கிற சங்கதியை முதலில் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் காவிரிக்கரையில் இருந்தது. சாயப்பட்டறைகள் ஒரு நாள் சிவப்பும் ஒரு நாள் ஊதாவுமாக ஆற்றில் திறந்துவிட்டுக்கொண்டிருந்த வருஷங்களில் கெண்டையும் ஆராலும் வயிற்றைக் காட்டி மிதந்து ஒதுங்கிப்போக, வாளை மட்டும் சாக மாட்டேனென்று கரையோரச் சேற்றில் மீசையை நீட்டிக்கொண்டு கிடந்தது. வளர்ந்தால் ஆள் நீளத்துக்கு வருமே, உடம்பில் செதிலே இல்லாமல், வாய் கண்ணைத் தாண்டிக் கிழிந்து, அந்த வாளைதான். தங்க மீனும் வாஸ்து மீனும் விற்றுக்கொண்டிருந்த மயில்சாமி, வியாபாரம் படுத்துப்போன ஒரு கோடையில், முழங்கை நீளக் குட்டிகளைச் சேற்றிலிருந்து அள்ளிவந்து கண்ணாடித் தொட்டியில் விட்டு, "வெளிநாட்டு மீனெல்லாம் நாலே நாள்ல மண்டையப் போட்ருமுங்க, இது நம்மூரு மீனு, கோழி ஈரலப் போட்டீங்கன்னா வூட்டுல ஒருத்தராட்டம் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி விற்றான். வாங்கியவர்கள் அது ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாயை உள்ளே போட்டார்கள், துள்ளி விழாமலிருக்க மூடிமேல் செங்கல் வைத்தார்கள், வீட்டுக்கு ஒறம்பரை சனம் வந்தால் ஈரலைக் காட்டி வாயைத் திறக்கவைத்து வேடிக்கை காட்டினார்கள். அதுவரைக்கும் எல்லாம் உலகத்தில் நடக்கிறபடியேதான் நடந்தது.

பெண்டாட்டி செத்து வருஷம் திரும்பாத சொக்கலிங்கம் என்ற தறிக்காரர் ஒரு நாள் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போது, தனியாக இருக்கிற தைரியத்தில், குனிந்தபடியே "ருக்குமணி, ருக்குமணி" என்று அழுதிருக்கிறார். குழாய்க்குள் கிடந்த வாளை மேலே வந்து, வாயை அகலத் திறந்து, ஈரலை விழுங்குகிற மாதிரியே ஒரே மடக்கில் எதையோ விழுங்கிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. சொக்கலிங்கம் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார், பசிக்கிறதே என்று தட்டு நிறைய இட்லி போட்டுச் சாப்பிட்டார், சாப்பிட்டுக்கொண்டே சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "இந்தம்மா யாருடா, வூட்டு ஓனருக்குச் சொந்தமா?" என்று மகனைக் கேட்டார்.

வீதி என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? மந்திரிக்கிறவரைக் கூப்பிட்டதா, பேப்பர்காரனைக் கூப்பிட்டதா? ஒன்றும் கிடையாது. சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்து, "பரவால்லயே, நல்லாயிருக்குதே" என்றது. மறுநாள் மயில்சாமி கடை வாசலில் நிற்க இடமில்லை.

பேரைச் சொன்னால்தான் வாளை தின்னும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். ஒரு அம்மாள் தொட்டிமேல் குனிந்து "எங்க வூட்டுக்காரரு, எங்க வூட்டுக்காரரு" என்று தொண்டை வறளக் கூப்பிட்டும் மீன் குழாயைவிட்டு அசையவில்லை, கட்டிக்கொண்ட நாளிலிருந்து வாயால் சொல்லாத புருஷன் பேரை அன்றைக்குத்தான் அந்த மகராசி முதல் முறையாகச் சொன்னாள், சொன்ன மாத்திரத்தில் அவர் யாரென்று தெரியாமல் போயிற்று. ஒரு வீட்டில் அப்பன் சொல்லி மகன் சொல்லாமல் விட்டு, கருமாதிச் செலவு எதற்கு என்று அப்பனும், பெத்தவளுக்குச் செய்ய வலிக்குதா என்று மகனும் வெட்டுக்குத்து வரைக்கும் போய்விட்டதால், ஒரு வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டும் என்று வழக்கமாயிற்று. ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூடத்திலும் பேரை அடித்துவிட்டு வருவதற்கு வீதியிலேயே ஒரு ஆள் ஏற்பட்டான். படத்துக்குச் சட்டம் போடுகிறவர் தொட்டிக்கு மூடி செய்யப் போனார். தறிகள் நிற்காமல் ஓடின, சாவு வீட்டில் மறுநாளே வடை சுட்டார்கள், யாரும் யாருக்காகவும் ஏங்கவில்லை, சில பிள்ளைகள் மட்டும் அம்மாவிடம் போய், நான் யாருக்கும்மா பொறந்தேன் என்று கேட்டுக்கொண்டிருந்தன, அவர்களும் வளர்ந்தால் கேட்பதை விட்டுவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். துக்கம் எவ்வளவு கனமோ மீனும் அவ்வளவு வேகமாக வளர்ந்தது, அதனால் வீட்டுக்கு வீடு தொட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள், கட்டில் போட இடமில்லாமல் தொட்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்தார்கள்.

இப்படியிருக்கிற வீதியில்தான் சிந்தாமணியும் நாச்சிமுத்துவும் குடியிருந்தார்கள். அவன் தறி ஓட்டினான், அவள் வீட்டிலிருந்தபடி தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தாள். அவர்களுக்குச் செத்தவர் என்று யாரும் இல்லாததால் தொட்டியும் இல்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள், வர்ணிகா. சாயத்தண்ணீர் ஓடுகிற ஊரில் இப்படி ஒரு பேரா என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

ஆடிப்பெருக்கன்று முளைப்பாலிகையைத் தண்ணீரில் விடுவதற்காக நாச்சிமுத்து மகளைக் கையைப் பிடித்து ஆற்றில் இறக்கினான், படிக்குக் கீழே மண் அரித்துப்போயிருந்தது, காலை வைத்ததும் இருவரும் சரிந்தார்கள். அவன் கையில்தான் அவள் கை இருந்தது, சவுக்காரம் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. கதவணை ஓரம் உடம்பு கிடைத்தது. எடுத்துவந்து அடக்கம் செய்த பிறகும் அவனுடைய வலது கை விரல்கள் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி பாதி மூடியே நின்றுவிட்டன, இடது கையால் சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவான், பாதியில் நிறுத்திவிட்டு அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பான். சிந்தாமணிக்கு அவனைப் பார்க்கவே வயிறு எரிந்தது. ஆனாலும் அவள் அழுதால் அவனும் அழுதான், ராத்திரிச் சோற்றுக்கு மூன்று தட்டு எடுத்துவைத்துவிட்டு அவள் திடுக்கிட்டால் அவனும் திடுக்கிட்டான், அந்த ஒரு துணைதான் அவளுக்கு இருந்தது.

அடுத்த வீட்டிலேயே இருந்த நாச்சிமுத்துவின் அக்கா பாவாத்தா ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம் புள்ள, வீதியே நிம்மதியா இருக்குது, நீ மட்டும் இப்பிடிக் கெடந்து அழுகறயே. தம்பியப் பாரு, கை மொடங்கிப் போச்சு. நல்ல நாளாப் பாத்து ரெண்டு பேரும் தண்ணிக்குச் சொல்லிப்போடுங்க. தொட்டி வாங்கறவரைக்கும் எங்க வூட்டுலயே வந்து சொல்லுங்க."

"உங்களுக்கு எப்பிடிங்க நங்கையா மனசு வருது? நீங்கதானுங்க அவளுக்குத் தெனம் தல சீவி உட்டீங்க. உங்க மடியிலதானுங்க தூங்குவா."

"ஆரு?" என்றாள் பாவாத்தா. பொய்யாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். "நானு அன்னிக்கே எங்க தொட்டியில சொல்லிட்டனாமா. உன்ற வூட்டுல ஒரு கொளந்த தவறிப்போச்சுன்னாங்க, அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்படித்தான் ஒவ்வொருவராகப் பிள்ளையைப் பழகின அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். அந்த வீதியிலேயே அழுகிற சத்தம் வருகிற வீடு சிந்தாமணி வீடு ஒன்றுதான் என்றாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் புத்தகப் பையோடு ஜன்னலில் தொற்றிக்கொண்டு, அழுவது என்றால் எப்படி இருக்குமென்று பார்த்துவிட்டுப் போனார்கள், பார்க்காத பிள்ளைகளை மறுநாள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துத் தறிப்பட்டறைக்காரர் வந்து, "அம்மிணி, தறி ஓட்டறவனுக்குக் கவனம் செதறுது, கொஞ்சம் பாத்துச் செய்யி" என்று தன்மையாகச் சொன்னார்.

நாச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை. அவனைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அவள் கையிலிருந்தா பிள்ளை வழுக்கிக்கொண்டு போயிற்று? சிந்தாமணி சுற்றின தாரைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்த ஒரு காலையில் வாசலில் மயில்சாமியின் ஆட்டோ நின்றது, வீட்டுக்குள் ஒரு தொட்டி, தொட்டிமேல் நாச்சிமுத்து குனிந்திருந்தான். "ஏனுங்க, வேண்டாமுங்க, பேரச் சொல்லாதீங்க!" என்று வாசற்படியிலிருந்து அவள் கத்தினதும் அவன் "வர்ணிகா" என்று சொன்னதும் ஒன்றாகவே நடந்தன. தண்ணீர் அலம்பி, வாய் திறந்து, மூடியது. அவனுடைய வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, அவன் அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "எதுக்குப் புள்ள இப்பிடிக் கத்தற, தொண்ட என்னத்துக்காகும்?" என்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் அவனை உட்காரவைத்து, இப்படியிப்படி நமக்கொரு மகள் இருந்தாள், இப்படி வளர்ந்தாள், இப்படிப் போனாள் என்று ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவன் நல்ல மனுஷன், கடைசிவரை கேட்டான், உச்சுக் கொட்டினான். "அடப் பாவமே. எத்தன வயசுங்கற? சின்னப் புள்ள... அந்த அப்பங்காரன் என்ன பாடு பட்டிருப்பான்!" என்றான். பிறகு, மூலையில் ஒரு சின்னச் செருப்புக் கிடக்கிறதே, யாராவது தேடப் போகிறார்கள், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றான். சிந்தாமணிக்கு உலகத்தில் அப்போது யாருமே இல்லை.

பிள்ளைத் துக்கம் தின்ற வாளை மற்ற வாளைகளைப் போலவா வளரும், வாரத்துக்கு வாரம் அது நீண்டு, வால் ஒரு கண்ணாடியிலும் மூக்கு மறு கண்ணாடியிலும் இடித்துக்கொண்டு வளைந்து கிடந்தது. சிந்தாமணி வாயில் துணியைக் கட்டிக்கொண்டுதான் அதற்கு ஈரல் போடுவாள், தன்னையறியாமல் பேரைச் சொல்லித் தொலைத்துவிட்டால்? அதைப் பார்க்கும்போதெல்லாம் வெட்டிப் போட வேண்டும் என்றிருந்தது, அதன் வயிற்றில்தான் பிள்ளையின் பாதி கிடக்கிறது என்று நினைத்தால் ஒரு வேளை ஈரல் குறையவும் மனசு கேட்கவில்லை. அவள் அழுகையும் மாறிப்போயிற்று, பிள்ளைக்காக அழுத நேரம் போக, தனியாக அழ வேண்டியிருக்கிறதே என்பதற்காகவும் அழுதாள். தான் ஒருத்தி செத்துப்போனால் வர்ணிகா என்று ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை என்றாகிவிடும், அந்தப் பயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஐப்பசி மழையில் கரண்டு போய், தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டார் நின்று, சொக்கலிங்கம் வீட்டு வாளை செத்துப்போயிற்று. அதைக் குப்பைமேட்டில் போட்டார்கள், ஒரு சாம்பல் பூனை தின்றது. வளர்த்த வாளையை அந்த வீதியில் யாரும் தின்றதில்லை, பயமெல்லாம் இல்லை, அடுத்தவன் துப்பினதைத் தின்கிற அருவருப்புத்தான். தின்ற பூனை நேரே சொக்கலிங்கம் வீட்டுக்குப் போயிற்று. விடிகாலையில் பால் பாக்கெட்டை வாயில் கவ்வி அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய் வைத்தது, அவர் ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து உட்கார்ந்தது, அவர் சட்டையை எங்கே கழற்றிப் போட்டாலும் இழுத்துக்கொண்டு போய்க் கொடியடியில் சேர்த்தது. சொக்கலிங்கம் "திருட்டுப் பூன, தொந்தரவு தாங்க முடியில" என்று விளக்குமாற்றால் அடித்து அடித்து விரட்டினார், அது அடி வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தது. ருக்குமணியக்காவின் வழக்கமெல்லாம் தெரிந்த சிந்தாமணி ஜன்னலில் நின்று பார்த்தாள், தின்றால் திரும்பி வரும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

நாச்சிமுத்துவுக்கு மீன் குழம்பு என்றால் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பகல் ஷிப்டுக்குப் போனதும் அவள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக மோந்து வாசலில் ஊற்றினாள். தண்ணீர் வற்ற வற்ற வாளை மீசையால் தரையைத் தடவிப் பார்த்தது. அவள் குழவிக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி, "சாமி, மன்னிச்சுக்க" என்று துணிக்குள்ளேயே சொல்லி, அதன் தலையில் போட்டாள். அரிவாள்மணை பற்றாமல் கொடுவாளால் துண்டு போட்டாள், புளி கரைத்தாள், மாங்காய் அரிந்தாள், மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்தாள். மசாலா அரைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, ராத்திரிக்கு இரண்டு பேராக அழப் போகிறோம் என்ற சந்தோஷம், இப்படியும் ஒரு சந்தோஷம் உண்டா என்று கேட்காதீர்கள்.

அத்தனை துண்டையும் போடுகிற சட்டி அவள் வீட்டில் இல்லை. ஒரு துண்டையும் வீணாக்கவும் முடியாது, எந்தத் துண்டில் பிள்ளையின் எது இருக்கிறதோ யார் கண்டது? ஓட்டமாக ஓடி மாரியம்மன் கோவில் அண்டாவை வாங்கிவந்து வாசலில் கல் கூட்டி அடுப்பில் ஏற்றினாள். அங்கேதான் புத்தி பிசகிப்போயிற்று. பாவடி வீதியில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், கோவில் அண்டா எந்த வாசலில் ஏறுகிறதோ அந்த வாசலில் வீதிக்கே சோறு. யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை, அண்டாவில் ஆவி வந்தால் தட்டோடு வந்துவிடுவார்கள், இல்லையென்று சொல்கிற வழக்கமும் கிடையாது. எத்தனை கூழ் ஊற்றுக்கு அவளே அந்த அண்டாவிலிருந்து வாங்கிக் குடித்திருக்கிறாள், அவசரத்தில் அவளுக்கு அது பெரிய சட்டி என்பது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

குழம்பு கொதித்து இறங்கியதும் அவள் நாச்சிமுத்துவைக் கூட்டிவரப் பட்டறைக்குப் போனாள். அங்கே பாவு அறுந்து இழை பிணைத்துக்கொண்டிருந்தான், இதோ, இதோ என்று நேரமாயிற்று, கடைசியில் நீ முன்னால் போ, முடித்துவிட்டு வருகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டான். அவள் மட்டும் திரும்பி வந்தபோது வீதி முழுக்கத் தட்டும் கையுமாக இருந்தது, பாவாத்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க புள்ள போன? கூட்டம் வந்துருச்சு, நாந்தான் நின்னு பரிமாறுனேன். ஒரு துளி மிச்சமில்ல, அத்தன ருசி! தம்பிக்குத் தலய எடுத்து வெச்சிருக்கேன், வூட்டு ஆம்பளைக்குத்தானே தல" என்றாள். சொல்லி முடிக்குமுன் அவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "வர்ணிகா..." என்றாள். "அய்யோ, என்ற தங்கம், என்ற வர்ணிகா!" என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வீதியின் இரண்டு பக்கமும் கதறல் கிளம்பியது. பல வருஷங்களாக அழாத கண்கள், அழுகிற முறையே தெரியாமல், சிலர் விக்கினார்கள், சிலர் ஊளையிட்டார்கள், பட்டறைக்காரர் தன் சட்டையையே கிழித்துக்கொண்டார். சிந்தாமணி ஒவ்வொரு வாசலாக ஓடினாள். அவர்களுக்குள் இருந்தது நாச்சிமுத்து மறந்தது, அப்பன் மட்டும் பார்த்த வர்ணிகா, அவளுக்கே தெரியாத வர்ணிகா. பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது ஒரு காது மடங்கியிருந்ததைச் சொக்கலிங்கம் சொல்லிச் சொல்லி அழுதார். டீக்கடையில் வர்க்கியை முக்கும்போது பாதி ஒடிந்து உள்ளே விழுந்துவிட, டம்ளருக்குள் பார்த்து அது செத்துப்போச்சாப்பா என்று கேட்டதை ஒருத்தி சொன்னாள், அம்மாகிட்டச் சொல்லாதீங்க என்று சத்தியம் வாங்கினாளாம். மயில்சாமி ஆட்டோவுக்குள் சுருண்டு கிடந்தான், "தோள்ல தூங்குச்சுங்க, கோவிலுக்குப் போயிட்டுப் பஸ்ஸுல வரும்போது, எச்சி ஒழுகி சட்டையெல்லாம் சூடா நனஞ்சுது, இப்பவுஞ் சுடுதுங்க" என்று தோளைத் தேய்த்தான். அவன் தோளை அவள் தொட்டுப் பார்த்தாள். பொழுது சாய்கிறவரைக்கும் வீதியே அவள் பிள்ளைக்காக அழுதது, அவள் வாழ்நாளில் அந்த ஒரு பொழுதுதான் அவளுக்குப் பாரம் குறைந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் வீதிக்குப் புத்தி வந்துவிட்டது. "எங்கூட்டுச் சாவுக்கே அழுகாதவங்க நாங்க, உன்ற புள்ளைக்கு எதுக்கம்மிணி அழுகோணும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். பேர் தெரியாதவர்கள் பாவாத்தாவிடம் கேட்டுக்கொண்டார்கள், மீன் செத்துப்போன சொக்கலிங்கம் பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு ஓடினார். சிந்தாமணி வாசல் வாசலாக விழுந்து, "இன்னிக்கொரு நாள் வெச்சுக்கங்க, நாளைக்குச் சொல்லிக்கலாமுங்க" என்று காலைப் பிடித்தாள், அவளை நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பேர் ஒரு தடவை கேட்டது, தண்ணீர் அலம்பியது, அடங்கியது. கடைசியில் பாவாத்தா வீடு. பிறகு எல்லா வீட்டிலும் பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது.

அவள் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது, தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாமல் இருந்துவிட்டு எல்லாம் அடங்கின பிறகு வந்த நாச்சிமுத்து மீன் தலையைத் தின்று முடித்திருந்தான். அவனுடைய வலது கை பாதி மூடி நின்றது.

"வுட்டுட்டேன் புள்ள."

"ஆரங்க? சொல்லுங்க, ஆர வுட்டீங்க?" அவள் அவன் முன்னால் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியில. ஒரு சின்னக் கை. என்ற கையிலதான் இருந்துது, வழுக்கீட்டுப் போயிருச்சு. அது ஆரு கை?"

அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. மடங்கின காது இல்லை, வர்க்கி இல்லை, தோளில் ஒழுகின எச்சில் இல்லை, முகம்கூட இல்லை, ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டோம் என்பது மட்டும்தான் தலையில் தங்கியிருந்தது. யாரென்று தெரிந்தால் அழலாம், தெரியாதவனுக்கு என்ன இருக்கிறது? ராவும் பகலும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தான் செய்த காரியம் எப்பேர்ப்பட்டது என்று சிந்தாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. பகை கொண்டவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அவன் தண்ணிக்குச் சொல்லப் போனான். மயில்சாமி அவன் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டுப் புதுக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து காலித் தொட்டியில் விட்டுவிட்டுப் போனான். "என்ற கையிலிருந்து போன புள்ள" என்றான் நாச்சிமுத்து, வாளை மேலே வந்து வாயைத் திறந்தது, பேருக்காகக் காத்திருந்தது, பேர் வராததால் திரும்பிப் போயிற்று. வீடு வீடாகப் போய், "அந்தப் புள்ள பேரென்னங்க, ஆராச்சும் சொல்லுங்களேன்" என்று கேட்டான், எந்தப் புள்ள என்று கேட்டார்கள். ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூடத்திலும் எப்போதோ அடித்தாயிற்று. கடைசியில் பெண்டாட்டி காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"உனக்குத் தெரியுமில்ல? ஒரே ஒரு தடவ சொல்லு புள்ள. சொல்லி முடிச்சர்றேன். என்னால முடியில."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொரு சாயங்காலமும் தார் சுற்றிக்கொண்டே, தனக்குத் தெரிந்ததையும் வீதியில் வாசல் வாசலாகப் பொறுக்கிக்கொண்டு வந்ததையும், காதையும் வர்க்கியையும் பஸ்ஸையும், ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தக் கைக்கு ஒரு முகம் வந்தது, அவன் அழ ஆரம்பித்தான், அவளும் கூட அழுதாள். ஆனால் பேரை மட்டும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம், "பேரு மட்டும் எனக்கும் மறந்துபோச்சுங்க" என்றாள். அவன் படுகிற வேதனையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னாள், இதற்கு நரகத்தில் இடம் உண்டென்று தெரிந்துதான் சொன்னாள்.

அவன் நம்பினானோ இல்லையோ, தானே தேட ஆரம்பித்துவிட்டான். பகல் ஷிப்ட் முடிந்து வந்ததும் மூடியைத் திறந்து தொட்டிமேல் குனிந்து, ஊரில் உலகத்தில் பெண்பிள்ளைகளுக்கு வைக்கிற பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பான். கவிதா. கீர்த்தனா. சங்கீதா. ஒவ்வொரு பேருக்கும் நிறுத்தி, தண்ணீரைப் பார்த்து, இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவான். சிந்தாமணி அடுப்பங்கரையில் கையில் கரண்டியோடு ஒவ்வொரு பேருக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நேற்றும் அப்படித்தான் குனிந்திருந்தான். "வளர்மதி" என்றான். வாளை குழாயைவிட்டு மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. "வனிதா" என்றான். "வசந்தி" என்றான். கொஞ்சம் நிறுத்தி, ஏதோ நாக்கு நுனிக்கு வந்துவிட்ட மாதிரி அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏனுங்க, சோறு ஆறிப்போகுதுங்க, வாங்க" என்று உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள்.